உலகத்தை அறை அறையாகப் பிரித்துவிடாதீர்கள்

வணக்கம்.

பெங்களூரில் உட்கார்ந்து ஆன்லைன் ரோல்-ப்ளேயிங் கேம் செய்துகொண்டிருப்பவர்களுக்கும், செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த மடல். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. நான் கேம் துறையில் இல்லை. ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆபீசில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை, வீட்டுக்கு வந்தால் எம்எம்ஓ, அதாவது ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் கேம். அல்சூர், கே.ஆர்.புரம், எலெக்ட்ரானிக் சிட்டி, அந்தப் பக்கம் ஓசூர் என்று சிதறிக் கிடக்கிற தமிழ் பேசும் ஆட்கள் சேர்ந்த ஒரு சின்ன கில்டு (கேமில் சேர்ந்து ஆடும் குழு) எங்களுடையது. கில்டு சாட்டில் திரும்பத் திரும்பப் பேசி, இதை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும் என்று முடிவானதால் நான் எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 1997-ல் துருவா இன்டராக்டிவ் இங்கே ஆரம்பித்த காலத்திலிருந்து, இந்த ஊர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களின் கேம்களுக்குப் படம் வரைந்து, மாடல் செய்து, டெஸ்ட் செய்து கொடுத்த ஊர். 2012-லேயே கர்நாடக அரசு அனிமேஷனுக்கும் கேமிங்குக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பணம் பந்தயம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்த பிறகு, லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் சர்வரை எப்படித் தாங்க வைப்பது என்று தெரிந்த எத்தனையோ என்ஜினியர்கள் வேறு என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலராவது ஒரு நிஜமான எம்எம்ஓ பக்கம் வருவார்கள் என்று நம்புகிறேன், வரவேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். வந்தால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி உங்கள் ஒயிட்போர்டில் ஏறும்: சண்டைகளை எல்லோரும் ஒன்றாக நடமாடும் திறந்த உலகத்தில் வைப்பதா, ஒரு குழுவுக்கு மட்டுமேயான தனி அறையில், அதாவது இன்ஸ்டன்ஸில் வைப்பதா? அந்தக் கேள்விக்குச் சுலபமான பதிலை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இத்தனையும்.

கொஞ்ச காலம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மொபைல் எம்எம்ஓ ஆடினோம், பெயர் வேண்டாம். நகரத்தின் நடுவில் பெரிய சதுக்கம், அதில் சிறகும் குதிரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் நிற்பார்கள், யாரும் எங்கும் நடந்து போகமாட்டார்கள். பட்டனைத் தொட்டால் லோடிங், நாலு பேர் மட்டும் இருக்கிற ஒரு டஞ்சன் (பூதங்கள் நிறைந்த குகை மாதிரி இடம்), ஒரு பாஸ் (கடைசியில் வரும் பெரிய பூதம்), திரும்ப லோடிங், திரும்ப அதே சதுக்கம். நகர வாசலைத் தாண்டி வெளியே போனால் மலை, ஆறு, பாழடைந்த கோட்டை என்று கண்ணுக்கு நிறைவாக வரைந்து வைத்திருந்தார்கள், அங்கே ஒரு மனுசன் இல்லை. அந்தக் கோட்டையை வரைந்தவர் யாரோ எத்தனை ராத்திரி கண் விழித்தாரோ! அவருக்காகவும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த விஷயத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: இன்ஸ்டன்ஸ் என்றால் உங்கள் குழுவுக்கென்று மட்டும் சர்வர் தனியாக உருவாக்கிக் கொடுக்கிற ஓர் இடத்தின் நகல், உள்ளே வேறு யாரும் வரமுடியாது, நீங்கள் முடித்ததும் அது அழிந்துவிடும். 2001-ல் வந்த அனார்க்கி ஆன்லைன்தான் இதைப் பெரிய அளவில் முதலில் செய்தது. 2003-ல் எவர்குவெஸ்ட் ஒரு விரிவாக்கத்தில் சேர்த்துக்கொண்டது, 2004-ல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் தன் டஞ்சன்களையும், பெரிய குழுவாகப் போய் அடிக்கிற ரெய்டுகளையும் இதன்மேலேயே கட்டியது, 2005-ல் கில்டு வார்ஸ் இன்னும் ஒரு படி போய் ஊர்களைத் தவிர எல்லாவற்றையுமே இன்ஸ்டன்ஸ் ஆக்கிவிட்டது.

ஏன் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆகமாட்டேன். 1999-ல் எவர்குவெஸ்ட் வந்தபோது டஞ்சன்கள் எல்லோருக்கும் பொது. நல்ல பொருள் தரும் பூதம் ஒன்று இருக்கும், அது செத்தால் திரும்ப வர நேரமாகும், அதனால் ஒரு குழு அந்த இடத்திலேயே மணிக்கணக்கில் குந்தியிருக்கும், அடுத்து வருபவர்கள் பெயரைச் சொல்லி லிஸ்டில் சேர்ந்துகொள்வார்கள். குழாயடியில் குடம் வைத்து இடம் பிடிப்பது போலத்தான், வரிசையைக் காப்பாற்றுவது கார்ப்பரேஷன் இல்லை, அங்கே நிற்கிறவர்களின் மானமும் வாயும்தான். பெரும்பாலான நாள் அது நடந்தது, நடக்காத நாளில் குடுமிப்பிடிச் சண்டை. 2002-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 11-ல் இன்னும் மோசம். ஃபாஃப்னிர் போன்ற பெரிய பூதங்கள் செத்தபின் 21 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், முதலில் யார் கை படுகிறதோ அவர்களுக்கே சொந்தம். அந்த ஒரு நொடிக்காக பல கில்டுகள் தூக்கத்தை விட்டுக் காத்துக் கிடந்தன, போட்டியில் ஜெயிக்க பாட் (தானாக ஆடும் ப்ரோகிராம்) வைத்தவர்களும் உண்டு. கொரியாவில் லினியேஜ் 2-ன் பார்ட்ஸ் சர்வரில் ஒரு பெரிய கூட்டணி நல்ல வேட்டை இடங்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு வரியும் ஏற்றியதில், 2004-ல் சின்ன லெவல் ஆட்கள்கூட ஆயுதம் கவசம் சரியாக இல்லாமலேயே திரண்டு எதிர்த்துப் போனார்கள். அது ஆண்டுக்கணக்கில் ஓடிய போர், கொரியாவில் இன்றும் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்த ஒரு டிசைனர் 'போதும்டா சாமி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி டஞ்சன் கொடுத்துவிடலாம்' என்று நினைத்ததில் தப்பே இல்லை.

ஆனால் மேலே சொன்ன எந்தச் சண்டையையும் எடுத்து உதறிப் பாருங்கள், கீழே விழுவது லூட் விதி, செத்த பூதம் தரும் பொருள் யாருக்கு என்ற விதி. முதலில் அடித்தவனுக்கு எல்லாம், மற்றவனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் அடிப்படை. ஒரே இடத்தில் நூறு பேர் நின்றதால் யாரும் சண்டை போடவில்லை, நூறு பேரில் ஒருவனுக்கே கிடைக்கும் என்று நீங்கள் விதி எழுதியதால் போட்டார்கள். நோய் விதியில் இருக்க, வைத்தியத்தை உலகத்துக்குச் செய்து அதை வெட்டிவிட்டார்கள். இந்த முதல் அடி விதி நம் ஆட்களுக்கு இன்னும் அநியாயம், ஏனென்றால் நாங்கள் பெரும்பாலும் ஆடுவது சிங்கப்பூர் சர்வரிலோ ஐரோப்பிய சர்வரிலோதான். 150 மில்லிசெகண்ட் பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) வைத்துக்கொண்டு சர்வர் பக்கத்திலேயே இருக்கிறவனோடு முதல் அடிக்குப் போட்டி போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2012-ல் வந்த கில்டு வார்ஸ் 2 இதைத் தீர்த்துக் காட்டியது, அதுவும் எல்லாவற்றையும் இன்ஸ்டன்ஸ் ஆக்கிய அதே ஆரினாநெட் கம்பெனி. பூதத்தை அடித்ததில் உங்கள் பங்கு இருந்தால் உங்களுக்கென்று தனி லூட், பக்கத்தில் இருப்பவர் எடுத்தது உங்கள் கணக்கில் குறையாது. இரும்புத் தாதுவை நான் வெட்டினாலும் அது உங்களுக்கு அப்படியே இருக்கும். ஆட்கள் கூடக் கூட நிகழ்வும் கடினமாகிக்கொண்டே போகும். அதனால் என்ன ஆகிறது? தூரத்தில் ஓர் ஆள் ஓடி வருவதைப் பார்த்தால் எவர்குவெஸ்ட்டில் 'வந்துட்டான்டா' என்று வயிறு எரியும், கில்டு வார்ஸ் 2-ல் 'வா, வா, சீக்கிரம் வா' என்று தோன்றும். டெக்வாடல் என்ற டிராகனை 2013-ல் அவர்கள் கடினமாக்கியபோது, முன்பின் தெரியாத ஆட்கள் பீரங்கிக்கு இத்தனை பேர், காவலுக்கு இத்தனை பேர் என்று தாங்களே பிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு விதியை மாற்றியதில் அந்நியன் எதிரியாக இருந்தது மாறி உதவிக்கு வருகிறவன் ஆனான். இதைவிடப் பெரிய சாதனை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து கொஞ்சம்தான்.

சர்வர் செலவு என்று நீங்கள் சொல்வீர்கள். என் பிழைப்பே அதுதான் என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து பேர் டஞ்சனில் ஒவ்வொருவர் அசைவையும் மற்ற நாலு பேருக்குச் சொல்லவேண்டும், ஆக 20 தகவல். ஒரே வெளியில் 50 பேர் என்றால் 2,450. 200 பேர் என்றால் 39,800. ஆள் நாலு மடங்கானால் வேலை பதினாறு மடங்கு, அதுவும் எந்த நேரத்தில் எங்கே கூடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. இன்ஸ்டன்ஸ் என்றால் அளவு தெரியும், தேவைக்கு ஒரு கன்டெய்னரை (சின்ன தனி சர்வர் மாதிரி) எழுப்பி, முடிந்ததும் மூடிவிடலாம், மாதக் கடைசியில் கிளவுட் பில்லைப் பார்க்கிறவருக்கு நிம்மதி. எல்லாம் சரி. ஆனால் இதற்கு வழி கண்டுபிடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தூரத்தில் இருப்பவரின் அசைவைக் குறைவாக அனுப்பலாம், கண்ணுக்கு எட்டாதவரை அனுப்பாமலே விடலாம். 2003-லிருந்து ஓடும் ஈவ் ஆன்லைன், உலகத்தை நகல் போடாமல், கூட்டம் தாங்காதபோது அந்த இடத்தின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும் மெதுவாக்குகிறது. 2014 ஜனவரியில் ஆயிரக்கணக்கான பேர் சுமார் 21 மணி நேரம் ஒரே போரில் இருந்தார்கள், கேம் ஆடாதவர்கள்கூட அதைச் செய்தியில் படித்தார்கள். எத்தனை கோடி விளம்பரம் கொடுத்தால் அது கிடைக்கும்? அமேசானின் கிளவுட் மையம் மும்பையில் 2016-லிருந்து இருக்கிறது. சர்வரை அங்கே வைத்தால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிங் பற்றிய பாதிப் புலம்பல் தன்னால் அடங்கிவிடும்.

அடுத்தது, எனக்கு இதில் மிகவும் முக்கியமானது. எங்கள் கில்டில் வார நாட்களில் யாருக்குமே முழுசாக ஒரு மணி நேரம் கையில் கிடையாது. ஒருவர் மாரத்தஹள்ளியில் நைட் ஷிப்ட், இடைவேளையில் போனில் உள்ளே வருவார். ஒருவர் அல்சூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், வாடிக்கையாளர் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கவேண்டும். எங்கள் ஹீலர் (சண்டையில் அடிபட்டவர்களைக் குணப்படுத்துகிறவர்) ஆபீசில் ஆன்-கால் இருக்கிற வாரம் எந்த நிமிடத்தில் அலாரம் அடிக்கும் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு பெண் சில்க் போர்டு சிக்னலில் ஆபீஸ் பஸ் நிற்கிற நேரத்தில்தான் ஆடுவார், அங்கே அந்த நேரம் தாராளமாகவே கிடைக்கும், ஆனால் பஸ் நகர்ந்தால் போன் நெட்வொர்க் போய்விடும். மழை பெய்தால் எல்லோர் வீட்டிலும் கரண்ட் போகும், வைஃபையும் கூடவே போகும்.

ஐந்து பேர் இன்ஸ்டன்ஸில் இவர்களில் ஒருவர் தொடர்பு அறுந்து போனால் மற்ற நாலு பேரின் அரை மணி நேரமும் வீண். முன்பின் தெரியாத ஆட்களோடு போயிருந்தால் திட்டும் வாங்கவேண்டும், பல கேம்களில் நடுவில் வெளியேறியதற்குத் தண்டனையும் உண்டு, கரண்ட் போனதா, வேண்டுமென்றே போனாரா என்று சர்வருக்குத் தெரியாது. இதனாலேயே எங்கள் ஹீலர் ஒரு கட்டத்தில் டஞ்சனுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். 'என்னால மத்தவங்களுக்கு ஏன் கஷ்டம்' என்றார். நல்லா ஆடுகிறவர், அவருக்கு எந்தக் குறையும் இல்லை. திறந்த வெளியில் நடக்கிற நிகழ்வில் அவர் பத்து நிமிடம் வந்து நாலு பேரைக் காப்பாற்றிவிட்டு அலாரம் அடித்தால் போய்விடலாம். போனவரின் இடத்தை இன்னொருவர் நிரப்புவார், வந்த பத்து நிமிடத்துக்கு உரிய பலன் அவர் கணக்கில் இருக்கும். இப்படித் துண்டு துண்டாக நேரம் கிடைக்கிறவர்கள்தான் இந்த நாட்டில் உங்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பகுதி என்பதை டிசைன் எழுதுகிறவர் மறக்கக் கூடாது.

எங்கள் கில்டு உண்டானதே ஒரு திறந்த மேப்பில்தான். ஏதோ ஒரு வேர்ல்டு பாஸை, அதாவது திறந்த வெளியில் எல்லோருக்கும் பொதுவாக வரும் பாஸை, அடித்துக்கொண்டிருந்தபோது யாரோ அவசரத்தில் மேப் சாட்டில் 'டேய் பின்னாடி பாரு' என்று அடித்தார், அது தன் நண்பருக்காக அடித்தது, மேப் முழுக்கப் போய்விட்டது. 'தமிழா?' என்று நாலு மூலையிலிருந்து பதில். பாஸ் செத்தபிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசினோம், எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பாடு எங்கே என்று. அதிலிருந்து இருவர் இப்போது ஒரே பிஜியில் இருக்கிறார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் நாலு அந்நியர்களோடு டஞ்சனுக்குள் தள்ளிவிடுகிற ஏற்பாட்டில் இது நடந்திருக்காது. 2009 டிசம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் அந்தப் பட்டன் டஞ்சன் ஃபைண்டர் என்ற பெயரில் வந்தபோது அது பலருக்கு வரம்தான், மணிக்கணக்கில் டேங்க் (பாஸின் அடியை முன்னால் நின்று தாங்குகிறவர்) தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2022-ல் அதே காலத்து கேமைக் கிளாசிக்காகத் திரும்ப வெளியிட்டபோது அந்த வசதியை எடுத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் கேட்டுக் கேட்டு 2023-ல் திரும்பக் கொடுத்தார்கள். அதனால் பட்டனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டன் ஆட்களை டஞ்சன் வாசலுக்கே தூக்கிக்கொண்டு போய் விட்டால் வழியில் இருக்கிற உலகம் எதற்கு? குழுவை மட்டும் சேர்த்துக் கொடுங்கள், நடந்து நாங்கள் போய்க்கொள்கிறோம்.

இன்ஸ்டன்ஸ் இருக்கவேண்டிய இடமும் உண்டு. பாஸ் எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்புவான், யார் எங்கே நிற்கவேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகி அடிக்கிற ரெய்டு, அதற்கு வெளி ஆள் நுழையாத அறை வேண்டும், நடுவில் ஒருவன் வந்து பாஸை இழுத்துக்கொண்டு ஓடினால் வாரக்கணக்கில் பழகிய எங்கள் உழைப்புக்கு மரியாதை இல்லை. கதையின் முக்கியமான கட்டங்களும் அப்படித்தான். சனிக்கிழமை ராத்திரி எங்கள் ரெய்டு நடக்கிற நேரம் எனக்கு வாரத்தின் நல்ல நேரம், அதை யாரும் பறிக்கவேண்டாம். தனியாக ஆடவேண்டும் என்று சில நாள் தோன்றுவதும் நியாயமே. முழுக்கத் திறந்த வெளியாக இருந்த பிளாக் டெசர்ட்கூட, வேட்டை இடத்தை ஒருவர் தனியாக நகல் எடுத்து நாளுக்குக் கொஞ்ச நேரம் ஆடிக்கொள்ளப் பிற்பாடு ஏற்பாடு செய்தது. அந்த 'கொஞ்ச நேரம்' என்ற கட்டுப்பாட்டில்தான் அவர்கள் புத்திசாலித்தனம் இருக்கிறது.

இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை. 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டின் சுல்'குரூப் ரெய்டுக்குள் ஹக்கார் என்ற பாஸ் போடுகிற ரத்த நோய், வேட்டைக்காரர்கள் வளர்க்கிற மிருகங்கள் வழியாக வெளியே நகரங்களுக்கு வந்துவிட்டது. சின்ன லெவல் ஆட்கள் நடுத்தெருவில் விழுந்து செத்தார்கள், ஹீலர்கள் ஓடி ஓடிக் காப்பாற்றினார்கள், சிலர் காட்டுக்கு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். கேமை நடத்துகிற பிளிஸார்டு கம்பெனி சர்வரைத் திரும்ப ஆரம்பித்துத்தான் அடக்கவேண்டியிருந்தது. 2007-ல் தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி லான்செட்டின் தொற்றுநோய் இதழில் கட்டுரை எழுதினார்கள். உள்ளே ஓர் அறையும் வெளியே ஆட்கள் நடமாடுகிற ஊரும் இரண்டும் இருந்ததால்தான் அது நடந்தது.

உங்களிடம் ஒரே ஒரு எண்ணைப் பற்றிக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒரு மணி நேரத்துக்கு இன்ஸ்டன்ஸில் எவ்வளவு கிடைக்கிறது, வெளியில் எவ்வளவு கிடைக்கிறது என்ற விகிதம். உள்ளே கொஞ்சம் அதிகம் வைத்தாலே போதும், சில வாரங்களில் வெளி காலியாகிவிடும், அப்புறம் உங்கள் டேட்டா டீம் 'யாருமே வெளியில் ஆடுவதில்லை, அங்கே செலவு பண்ணாதீர்கள்' என்று ரிப்போர்ட் கொடுக்கும், அடுத்த அப்டேட்டில் இன்னும் இரண்டு டஞ்சன் வரும். நல்ல உலகங்கள் இப்படித்தான் செத்தன. வெளியில் மட்டுமே கிடைக்கிற பொருள், வெளியில் ஆடினால் மட்டுமே திறக்கிற டஞ்சன் கதவு என்று சிலதை முதல் நாளிலிருந்தே வையுங்கள், பிறகு சேர்த்தால் எல்லோரும் கத்துவார்கள், நாங்களும் கத்துவோம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். கூட்டம் அதிகமாகி மேப்பை நகல் போட்டே ஆகவேண்டிய நாளில் யாரை எந்த நகலில் போடுவது என்பதைக் குலுக்கலில் விடாதீர்கள். 2014-ல் கில்டு வார்ஸ் 2 கொண்டுவந்த மெகாசர்வர் ஏற்பாடு, உங்கள் பார்ட்டி, கில்டு, மொழி எல்லாவற்றையும் பார்த்து ஆட்களைச் சேர்க்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று இத்தனை மொழி புழங்குகிற ஊரில் கேம் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும், கூடவே எல்லா எழுத்திலும் சாட் ஒழுங்காகத் தெரியவேண்டும், தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வரக்கூடாது. அப்புறம், வேர்ல்டு பாஸ் வரும் நேரத்தை ராத்திரி ஒன்பது மணிக்கே எல்லா நாளும் வைத்துவிடாதீர்கள். நைட் ஷிப்ட் ஆட்களுக்கு அது வேலை நேரம். காலை, மதியம், சாயங்காலம் என்று மாறி மாறி வரட்டும், அடுத்த வாரத்து நேரங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெரிசல் டெஸ்ட் வைக்கும்போது பாட்களை மட்டும் நிற்கவைத்துப் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்துவிடுங்கள். பாட் சொன்ன இடத்தில் நிற்கும். நாங்கள் எல்லோரும் ஒரே பாலத்தின் மேல் ஏறி நிற்போம், எல்லா ஸ்கில்லையும் ஒரே நேரத்தில் அடிப்போம், பாஸை ஊருக்குள் இழுத்துக்கொண்டு வர முடியுமா என்று கட்டாயம் பார்ப்போம். எங்கே விழுந்தது, எந்த போனில் விழுந்தது, எந்த நெட்வொர்க்கில் விழுந்தது என்று ஒழுங்காக எழுதியும் தருகிறோம். சம்பளம் வேண்டாம். டெஸ்ட் தேதியை ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து ஒரு தமிழ் கில்டின் சார்பாக